உயர்ந்து நின்ற மூன்று கைகள்

என் எதிரே மூன்று பேர் வலது கையை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். அசையவில்லை, பேசவில்லை. நான் மூச்சுவிட முடியாமல் நாற்காலியில் செத்துக்கொண்டிருந்தேன்.

தொண்டையில் இட்லி. சாம்பாரில் ஊறிய சாதாரண இட்லி. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இருமித் தள்ளலாம் என்றால் இருமுவதற்குக் காற்று வேண்டுமே, அது இல்லை. என் இரண்டு கைகளும் துப்பட்டாவால் நாற்காலியின் கைப்பிடிகளோடு கட்டப்பட்டிருந்தன.

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. வாசலில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். எல்லாம் துல்லியமாகக் கேட்டது. மூச்சு நின்றால் காது அவ்வளவு கூர்மையாகிவிடும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

சாகும்போது சாமி ஞாபகம் வரும், பெற்ற பிள்ளை ஞாபகம் வரும் என்பார்கள். எனக்கு மொட்டைமாடியில் காயப்போட்டு வந்த துணி ஞாபகம் வந்தது. மழை வந்தால் யார் எடுப்பார்கள்?

அந்த மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பிறகு ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

வேலை போனவர்களுக்கு ஒரு வேலை

மொபைல் போனுக்குப் பாகம் செய்யும் ஆலையில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்ததோடு இந்தத் தொடரைப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். ஓசூரில் அது ஒன்றும் அதிசயமில்லை. கூட்டம் கூட்டமாக எடுப்பார்கள், கூட்டம் கூட்டமாக அனுப்புவார்கள். மத்திகிரியில் நான் குடியிருந்த வரிசை வீடுகளில் பாதிப் பேர் எப்போதும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள்தான்.

அப்போதுதான் பாகலூர் சாலையில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் திறந்தார்கள். பெங்களூரில் வேலை செய்யும் பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கொண்டுவந்து விடும் இடம். முன் அனுபவம் வேண்டாம், பயிற்சி நாங்களே தருகிறோம் என்று பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்தார்கள். பயிற்சியில் தேறினால் வேலை, தேறாவிட்டால் வீட்டுக்கு. என் மகள் சாமல்பட்டியில் என் அம்மாவிடம் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தேறியே ஆகவேண்டும்.

முதல் நாள் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் எல்லாம் தெரிந்த முகம். நாங்கள் நான்கு பேர், நான்கு பேரும் அதே ஆலையிலிருந்து வந்தவர்கள். ஆலையில் என் உற்பத்தி லைனிலேயே இருந்த கோகிலா, கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். பாகலூர்க்காரி நாகரத்னா, வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களோடு தமிழ். நான்காவது பெருமாளண்ணன். ஆலையில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டியவர். பெரியவர்களைத் தூக்கி இறக்க ஆண் துணை வேண்டும் என்று அவரை எடுத்திருந்தார்கள்.

எங்களுக்குப் பயிற்சி தந்தவர் எலிசபெத் சிஸ்டர். பெங்களூரில் பெரிய மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் இருந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்தாத குரலுக்கு எனக்கு எப்போதுமே பயம் அதிகம்.

"ட்ரெய்னிங் முடியாம ஒரு பேஷண்ட்டைக்கூட நீங்க தொடக்கூடாது. தொட்டா அவங்களுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து" என்றார்.

ரப்பர் பொம்மையிடம் மன்னிப்பு

கை கழுவுவதிலிருந்து தொடங்கினோம். விரல் இடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு என்று இத்தனை வருடம் கழுவியதெல்லாம் கழுவலே இல்லை என்று ஆகிவிட்டது. பிறகு படுத்திருப்பவரைப் புரட்டுவது. பிறகு தீப்பிடித்தால் யாரை முதலில் வெளியே கொண்டுவருவது. அன்று ராத்திரி எனக்குக் கனவெல்லாம் சக்கர நாற்காலி எரிந்தது.

மார்பை அழுத்தி உயிர்கொடுக்கும் பயிற்சிக்கு இடுப்புவரை மட்டும் உள்ள ரப்பர் பொம்மை ஒன்று வந்தது. பெண் பொம்மை. பெருமாளண்ணன் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார். நாங்கள் சிரித்து உருண்டோம். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"சிரிச்சிட்டீங்களா? இன்னும் நேரா அழுத்துங்க. இப்ப நீங்க அழுத்தினதுக்கு இந்தம்மா செத்துட்டாங்க."

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க இதுதான். எதைத் தொட்டாலும் அதன் மறுபக்கத்தில் ஒரு சாவு இருந்தது. ஆலையில் தப்பு செய்தால் பாகம் கெடும், குப்பைப் பெட்டியில் போடுவோம். இங்கே தப்பு செய்தால்?

மஞ்சள் கோடு

இங்கே ஆலையில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சியைச் சொல்லவேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பார்கள், பிறகு ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் நிற்கவைத்துச் சொல்லவைப்பார்கள். ஏதாவது தப்பாகப் பட்டால் கையை எடு. தரையில் இருக்கும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போ. வலது கையைத் தூக்கு. லைன் லீடர் வரும்வரை தொடாதே, பேசாதே.

கேட்க எளிதாக இருக்கும். முதலில் யாருக்கும் வராது. பக்கத்தில் ஒன்று சிக்கிக்கொண்டால் நம் கை தானாக அதை எடுத்துவிடப் போகும். அந்தப் பழக்கத்தை எங்களிடமிருந்து எடுப்பதற்கு அவர்கள் பட்டபாடு கொஞ்சமில்லை.

என் லைனில் ஒரு பெண் இருந்தாள். பேர் வேண்டாம். அடுத்தவளுடைய, பாகங்களை அழுத்தி வெட்டும் அச்சு இயந்திரத்தில் தட்டு சிக்கிக்கொண்டதைப் பார்த்து, பாவம், உதவி செய்கிறேன் என்று கையை உள்ளே விட்டாள். இயந்திரம் இறங்கிவிட்டது. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். லீடர் ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தி, அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் சொன்னார், "அவ கைய உள்ள விட்டா. நீங்க விடல. நீங்க செஞ்சதுதான் கரெக்ட்." எங்களுக்குக் கைதட்டினார்கள். அவளுக்கு இரண்டு விரல் போயிருந்தது.

அதற்குப் பிறகு யாருக்கும் அந்த விதியை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அது எலும்பில் இறங்கிவிட்டது.

ஊட்டும் பாடம்

பயிற்சியின் கடைசிப் பகுதி உணவு ஊட்டுவது. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது ஒழுங்காக இருக்காது, அதனால் இதுதான் மிக முக்கியம் என்றார் சிஸ்டர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. நோயாளி படுகிற பாட்டை நாமும் கொஞ்சம் பட்டால்தான் புத்தியில் ஏறும் என்பது.

"அவங்களால கைய தூக்க முடியாது. வேணாம்னு சொல்ல முடியாது. நீங்களும் கொஞ்ச நேரம் அப்படி இருந்து பாருங்க. யார் முதல்ல?"

என் கெட்ட நேரம், நான் முன்வரிசையில் இருந்தேன்.

துப்பட்டாவால் கையைக் கட்டியபோதே எனக்கு என்னவோ செய்தது. கட்டு இறுக்கமில்லை, இழுத்தால் வந்துவிடும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோகிலா கரண்டியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அரைக் கரண்டி. தொண்டையப் பாருங்க. முழுங்கிட்டாங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் அடுத்தது" என்று சிஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவள் ஒழுங்காகத்தான் ஊட்டினாள். பிறகு சிஸ்டருக்குப் போன் வந்தது. யாரோ ஒரு பெரியவரின் மகன். பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார்.

கோகிலா எங்கள் லைனிலேயே வேகமான கை. ஒரு பாகத்தை வைத்து நிமிர்வதற்குள் அடுத்ததை எடுத்திருப்பாள். அதற்காகப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறாள். சிஸ்டர் குரல் நின்றதும் அந்தக் கை தன் பழைய வேகத்துக்குப் போய்விட்டது. ஒன்று வாயில் இருக்கும்போதே இன்னொன்று வந்தது. தலையை ஆட்டினேன். நான் நோயாளி மாதிரி நடிக்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். இன்னொன்று வந்தது.

களியை மெல்லாமல் விழுங்கி வளர்ந்த தொண்டை என்னுடையது. கேவலம், இட்லியிடம் தோற்றது.

"ஒவ்வொருத்தரா கேளுங்க"

என் முகம் மாறியதைக் கோகிலா பார்த்தாள். கரண்டி கீழே விழுந்தது. அவள் எழுந்தாள். ஒரு அடி பின்னால் போனாள். வலது கையைத் தூக்கினாள்.

அவளுக்குப் பின்னால் இருந்த நாகரத்னாவும் எழுந்து, ஒரு அடி பின்னால் போய், கையைத் தூக்கினாள். பெருமாளண்ணன் கையும் மேலே போனது. அந்த அறையின் தரையில் மஞ்சள் கோடு எதுவும் இல்லை. ஆனாலும் மூவரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

நான் நாற்காலியோடு துள்ளினேன். கட்டு வரவில்லை, இழுக்க இழுக்க இறுகியது. கோகிலாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கை மட்டும் இறங்கவில்லை. வா, வா, வா என்று உள்ளுக்குள் கத்துகிறேன். வாயிலிருந்து ஒரு காற்றுகூட வரவில்லை. இவர்கள் வரமாட்டார்கள், எனக்கு அது தெரிந்துவிட்டது. அவர்களுக்கு லீடர் வரவேண்டும். அந்தத் தனிமையின் பயத்தைப்போல ஒன்றை நான் என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. என்னை நேசிக்கிறவர்கள் என் கண் முன்னால் நின்று நான் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. சிஸ்டர் போனை அணைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நான் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தெரிந்தது தூக்கிய மூன்று கைகள்தான்.

"என்ன டவுட்டு? ஒவ்வொருத்தரா கேளுங்க."

தூக்கிய கைகள் அப்படியே நின்றன. எனக்குக் கண் இருட்டத் தொடங்கியிருந்தது. நாற்காலிக் கால் தரையில் இழுபடும் சத்தம் கேட்டுத்தான் சிஸ்டர் என் பக்கம் வந்திருக்கவேண்டும். எங்களில் யாரும் அதுவரை கேட்டிராத குரல் அவரிடமிருந்து வந்தது.

"கோகிலா! முதுகுல அடி!"

உத்தரவு வந்துவிட்டது. மூன்று பேரும் அந்தக் கணமே பாய்ந்தார்கள். பெருமாளண்ணன் துப்பட்டாவைக் கிழித்தார். நாகரத்னா என்னை முன்னால் சாய்த்தாள். கோகிலா என் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். இட்லித் துண்டு தரையில் போய் விழுந்தது.

முதல் மூச்சு உள்ளே போனபோது வலித்தது. போன உயிர் திரும்பி வருவது அவ்வளவு சுகமான காரியமில்லை.

யார் மேல் கோபப்படுவது

"என்னக்கா செய்ய, எனக்கு வேற ஒன்னுமே ஓடலக்கா" என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள் கோகிலா. "கூப்புட்டேம்லக்கா. கையத் தூக்கித்தான நின்னேன்."

"ஏன் யாரும் போகல?" என்று சிஸ்டர் கேட்டார்.

பெருமாளண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "லீடர் வர்ற வரைக்கும் தொடக்கூடாதுங்களே சிஸ்டர்."

சிஸ்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தப்பு என்னுது. கட்டிப் போட்டுட்டு நான் வெளிய போயிருக்கக் கூடாது" என்றார்.

எனக்குக் கோகிலாமேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வேறொன்று வந்தது. கோகிலா நாற்காலியில் இருந்து, நான் கரண்டியோடு இருந்திருந்தால்? அந்தக் கேள்வியோடு டவுன் பஸ்ஸில் வந்தேன், அதோடு சமைத்தேன். சாப்பிட முடியவில்லை. சோற்றை மிக்சியில் அடித்துக் கஞ்சியாகக் குடித்தேன், அதுவும் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு.

மறுநாள் போகவேண்டாம் என்றுதான் படுத்திருந்தேன். நாகரத்னா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வாக்கா. நீ வரலேன்னா கோகிலா செத்துப்பூடுவா."

"எனக்கு பயமா இருக்குது நாகு."

"எனக்கு மட்டும் இன்னா, தைரியமா?" என்றாள்.

சாக்பீஸ் கோடு

சிஸ்டர் அன்று புத்தகத்தை எடுக்கவில்லை. வராந்தாவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி. அதில் அவரே உட்கார்ந்தார். கட்டவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்களை நிறுத்தினார்.

"நான் தொண்டையில கை வெச்சா நீங்க கோட்டைத் தாண்டி வரணும். யாரையும் கேக்கக்கூடாது. வந்து என் முதுகுல கை வைக்கணும். அவ்வளவுதான்."

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பெருமாளண்ணன் கால் முதலில் பின்னால்தான் போனது. அவரே அதை முறைத்துப் பார்த்தார். நாகரத்னா ஓடிவந்து கோட்டின்மேல் நின்றுவிட்டாள், ஏதோ பள்ளத்தைக் கண்டவள்போல. கோகிலா சிஸ்டர் கை அசைவதற்கு முன்பே தாண்டி வந்து, கட்டிப்பிடித்து அழுதாள்.

என் முறை வந்தது. சிஸ்டர் தொண்டையில் கை வைத்தார்.

என் வலது கை மேலே போயிற்று.

நான் தூக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அது தானாகப் போனது. முந்தின நாள் அதே கைகளைப் பார்த்துக்கொண்டு சாகக் கிடந்தவள் நான். அது என்ன என்று உலகத்தில் வேறு யாரையும்விட எனக்குத் தெரியும். அப்படியும் போனது. கோகிலா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

அன்று பகல் முழுக்கத் தாண்டினோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தாண்டினோம். சாக்பீஸ் கோடு எங்கள் காலில் ஒட்டிக்கொண்டு அழிந்துபோனது. நால்வரும் தேறிவிட்டதாக சிஸ்டர் சொன்னார். எனக்கு அது நல்ல செய்தியாகவே படவில்லை. இனி வரப்போவது நடிக்கிற வாய் இல்லையே.

நாராயணப்பா

எனக்குக் கொடுத்தது நாராயணப்பா என்ற பெரியவரை. பாகலூர்ப் பக்கம் நிலபுலனோடு இருந்தவர். பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. சரியான பிடிவாதம், வாயையே திறக்கமாட்டார், மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டியதுதான் என்று வீட்டில் முன்பு அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

நேராக உட்காரவைத்து, கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கரண்டியைப் பார்த்தார். கரண்டி நகர நகர அவர் கண் அதோடு நகர்ந்தது. இடது கை விரல்கள் போர்வையைச் சுருட்டிப் பிடித்தன. உதடு இறுகியது.

பிடிவாதமா இது? இந்த மனிதர் பயந்துகொண்டிருக்கிறார். என்றோ ஒருநாள் இவருக்குத் தொண்டையில் நின்றிருக்கிறது. யாரோ எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன்.

"ஐயா, எனக்கும் இப்பிடி நின்னுச்சு. போன வாரந்தான். எனக்கும் சாப்பாடுன்னா பயமா இருக்குது" என்றேன். தெலுங்கு பேசும் அவருக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

வெகுநேரம் காத்திருந்தேன். உதடு கொஞ்சம் பிரிந்தது. அரைக் கரண்டி. தொண்டையைப் பார்த்தேன். ஏறி இறங்கியது. இன்னொரு அரைக் கரண்டி. இறங்கியது. அதற்கடுத்ததில் அவருக்குப் புரை ஏறிவிட்டது.

கண் இரண்டும் அகன்றன. முகம் சிவந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

என் வலது கை எழுந்தது. தோள்வரை வந்தது. அந்த நேரம் எனக்குள் ஓடியது என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை, வெறும் பயம். கை அங்கே நின்றது. பிறகு முன்னால் போய் அவர் முதுகில் விழுந்தது. இடது கையால் அவர் மார்பைத் தாங்கி முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் அடித்தேன். "இருமுங்க ஐயா, இருமுங்க, நான் இருக்கேன்." அவர் இருமினார். மறுபடியும் இருமினார். கஞ்சி என் புடவையில் தெறித்தது. மூச்சு வந்தது.

எனக்கும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இன்றைக்கு இது போதும், எழுந்து போய்விடலாம், இந்த வேலையே வேண்டாம் என்று கிண்ணத்தை எடுத்து மூடினேன்.

நாராயணப்பா என் முகத்தைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார். முழுசாக, தானாகவே.

அவர் என்னை நம்பிவிட்டார். அன்றுவரை நான் பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மூடியை எடுத்துவிட்டு, அரைக் கரண்டி அள்ளினேன்.